லியேஜ்–பஸ்தோன்–லியேஜ், 1980

பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் புறப்பட்டு, ஆர்டென் மலைக்காடுகளினூடே தெற்கே பஸ்தோன் வரை சென்று மீளும் இந்த ஒருநாள் சைக்கிள் பந்தயம், 1892இல் தொடங்கப்பெற்றமையால் இவ்வகைப் பெரும்பந்தயங்களுள் மூத்தது எனப் போற்றப்படுவது. அதன் சரித்திரத்தில் 1980 ஏப்ரல் 20ஆம் தேதி நடந்ததைப்போல் கொடியது பிறிதொன்று உண்டா என்பது சந்தேகமே. பருவமென்னவோ வசந்தந்தான், ஆயினும் புறப்பட்ட சிறிது நேரத்திற்கெல்லாம் பனி பொழியத் தொடங்கி, ஒரு கையால் கண்களை மறைத்துக்கொண்டு மறு கையால் வண்டியைச் செலுத்தும் நிலை வீரர்களுக்கு நேர்ந்தது. 174 பேரில் பெரும்பாலோர் பாதி வழிக்குள்ளாகவே விலகி வெதுவெதுப்பான கார்களையும் விடுதிகளையும் நாடினர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை.

1978, 1979ஆம் ஆண்டுகளில் பிரான்ஸ் சுற்றுப்பந்தயத்தை வென்றிருந்த பெர்னார் ஈனோவும் விலகிவிடும் எண்ணத்திலேயே இருந்தார் என்பர். ஆனால் அவருடைய அணியின் நெறியாளர் சிரில் கிமார், மழையங்கியைக் களைந்துவிட்டு மெய்யான பந்தயத்தில் இறங்குமாறு தூண்டவே, சிவப்புக் குல்லாயால் தலையையும் காதையும் மூடிய பிரான்சின் பிரிட்டனி வட்டாரத்தவரான அந்த வீரர், முடிவெல்லைக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் இருக்கையில் மலையேற்றத்தில் தனித்துப் பிரிந்து, பிறகு எவர் கண்ணிலும் அகப்படவில்லை. இரண்டாமவராக நெதர்லாந்தின் ஹென்னி கைப்பர் வந்து சேர்ந்தபோது 9 நிமிடம் 24 விநாடி கழிந்திருந்தது. 244 கிலோமீட்டரையும் கடந்தோர் 21 பேரே. உறைந்துபோன ஈனோவின் வலக்கை விரல்கள் இரண்டு பழைய நிலைக்கு மீள மூன்று வாரங்களாயின. குளிர் வந்தால் அவற்றில் நோவு பின்னாளிலும் தோன்றிற்று.