அரிச்சல்முனை கோ-டிரைவர்

2017க்கு முன்னால் தனுஷ்கோடி போனவர்களுக்குத் தெரியும், முகுந்தராயர் சத்திரத்தோடு தார் ரோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் மணல்தான். அங்கே பழைய வேன்களும் ஜீப்புகளும் நிற்கும். ஆள் கணக்குக்குக் காசு வாங்கிக்கொண்டு, அடைக்க முடிந்தவரை அடைத்துக்கொண்டு கிளம்புவார்கள். அந்த வரிசையில் என் மாமாவின் ஜீப்பும் ஒன்று. லீவு நாட்களில் முன் சீட்டில் நான் உட்கார்ந்திருப்பேன்.

கிளம்புவதற்கு முன் மாமா ஒரு தீக்குச்சியை எடுத்து நாலு டயரிலும் காற்றை இறக்குவார். கேஜ் எல்லாம் கிடையாது. உஸ்ஸென்று போகும் சத்தத்தைக் காதால் கேட்டு, டயரின் வயிறு பிதுங்குவதைக் கண்ணால் பார்த்து நிறுத்துவார். "காத்து நெறைஞ்ச டயரு கத்தி மாப்ள, மணலை வெட்டும். காத்து எறங்குன டயரு பாதம். மேல நடக்கும்" என்று ஒருமுறை சொன்னார்.

சாதாரண ஓட்டுநர் பழக்கங்கள் எல்லாமே இந்த மணலில் தப்பாகிவிடும். பிரேக்கை மிதித்தால் சக்கரத்துக்கு முன்னால் மணல் மேடு கட்டிக்கொள்ளும், அதைத் தாண்டி மறுபடி கிளம்ப முடியாது. ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடித்தாலும் அதே கதி. மாட்டிக்கொண்ட பிறகு ஆக்சிலேட்டரை அழுத்தினால் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும். காய்ந்த மணலும் தாங்காது, தண்ணீர் ஊறிக் கூழான மணலும் தாங்காது. இரண்டுக்கும் நடுவில், ஈரம் மட்டும் பிடித்த ஒரு பட்டை இருக்கும். மணல் துகள்களுக்கு நடுவே இருக்கும் கொஞ்சம் தண்ணீர் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும். பிள்ளைகள் மணல்வீடு கட்ட ஈர மணலைத் தேடுவது இதனால்தான். அந்தப் பட்டை காற்றைப் பொறுத்து தினமும் இடம் மாறும். கச்சான் அடிக்கும் மாதங்களில் ஆண்கடல் பக்கம் மணல் பறந்து பாதையை மூடும். வாடைக் காலத்தில் பெண்கடல் பக்கம் தண்ணீர் ஏறும்.

என் வேலை பாதை சொல்வது. ரயில்வே மேடு, தண்ணீர்த் தொட்டி, மாதா கோயில் சுவர் என்று 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த இடிபாடுகள்தான் எங்களுக்கு மைல் கற்கள். அந்தப் புயலில் பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு போனது. அரசாங்கம் ஊரையே வாழத் தகுதியற்றது என்று அறிவித்தது. சுற்றுலா வந்தவர்கள் அந்தச் சுவர்களைப் போட்டோ எடுப்பார்கள். நாங்கள் அவற்றை வைத்து வண்டி ஓட்டினோம்.

2012 தை அமாவாசைக்கு மறுநாள், எனக்குப் பன்னிரண்டு வயது. கடைசி நடை, பொழுது சாய்ந்துவிட்டது. தர்ப்பணம் முடித்த ஒரு குடும்பம் வண்டியில் இருந்தது, அதில் நடக்க முடியாத ஒரு பாட்டியும். முகுந்தராயர் சத்திரம் நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தோம். வலது பக்கம் ஒரு சக்கரத் தடம் தெரிந்தது. "வலது மாமா" என்றேன். அது காலையில் போன வண்டியின் தடம். அதற்கப்புறம் அடியில் தண்ணீர் ஏறியிருந்தது எனக்குத் தெரியாது. பின் சக்கரம் இரண்டும் ஒரே நேரத்தில் இறங்கின. மாமா ஒரே ஒரு தடவை ஆக்சிலேட்டரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு எல்லாரையும் இறங்கச் சொன்னார். பாட்டியை முதுகில் சுமந்து கரையேற்றினார். கயிறோடு வேறொரு வேன் வருவதற்குள் உப்புத் தண்ணீர் இன்ஜினுக்குள் போய்விட்டது. ஜீப்புக்கு இன்னும் ஒன்றரை வருட வட்டிப் பணம் பாக்கி இருந்தது. வலது என்று சொன்னது யார் என்பதை மாமா அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்கப்புறமும் யாரிடமும் சொல்லவில்லை.

ஊரடங்கில் அடைந்து கிடந்த 2020ல் ஒரு பழைய கம்ப்யூட்டரில் நான் ரேலி கேம் ஆட ஆரம்பித்தபோது இதையெல்லாம் நினைத்துத் தொடங்கவில்லை. சும்மா பொழுது போகவில்லை, அவ்வளவுதான்.

ரேலி என்றால் வட்டப் பாதையில் பத்துப் பேர் முட்டிக்கொண்டு ஓடுவதல்ல. மூடிய காட்டுப் பாதையில், மலை ரோட்டில், பனியில், ஒவ்வொரு வண்டியாக நேரம் குறித்து அனுப்புவார்கள். பக்கத்தில் கோ-டிரைவர் உட்கார்ந்து அடுத்த வளைவு என்னவென்று வாசித்துக்கொண்டே வருவார். இதை வீட்டுக்குள் கொண்டுவந்த பெயர் பெற்ற கேம் 1998ல் வந்த கோலின் மெக்ரே ரேலி. அதில் வளைவு சொல்லும் குரல், மெக்ரேயின் அசல் கோ-டிரைவர் நிக்கி கிரிஸ்டுடையது. நல்ல கேம், ஆனால் தப்பை மன்னிக்கும். நான் மாட்டிக்கொண்டது 2004ல் வந்த ரிச்சர்ட் பர்ன்ஸ் ரேலியிடம். மன்னிப்பு என்ற சொல்லே அதற்குத் தெரியாது. ஒரு மரத்தில் இடித்தால் அந்தப் பந்தயம் அத்தோடு சரி. வந்த காலத்தில் பெரிய வெற்றி ஒன்றும் இல்லை. ஆனால் இருபது வருடம் தாண்டியும் ஹங்கேரியிலும் செக் நாட்டிலும் இருக்கும் ஆர்வலர்கள் புதுப் பாதைகளையும் புது கார்களையும் செய்து சேர்த்து அதை உயிரோடு வைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் டயரும் மண்ணும் உரசுவதைக் கணக்கிடுவதில் அதற்கு இணையில்லை என்பவர்கள் நிறைய. நானும் அந்தக் கட்சிதான்.

முதல் இரண்டு மாதம் நான் ஒரு பாதையைக்கூட முழுசாக முடிக்கவில்லை. வளைவுக்குள் வேகமாகப் போவேன், முன் டயர் வழுக்கும், வண்டி திரும்பாது. திரும்பவில்லையே என்று ஸ்டீயரிங்கை இன்னும் ஒடிப்பேன். இன்னும் வழுக்கும். பிறகு மரம். பழைய லாஜிடெக் ஸ்டீயரிங் ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கி மாட்டிய பிறகும் இதே கதைதான்.

ஒருநாள் மாமா வீட்டுக்கு வந்தவர் பின்னால் நின்று டீ குடித்துக்கொண்டே பார்த்தார். மூன்று தடவை மரத்தில் இடித்த பிறகு வாயைத் திறந்தார். "வண்டி கேக்காதப்ப எதுக்கு மாப்ள திருப்புற? கேக்குற மாதிரி ஆக்கிட்டுத் திருப்பு."

கேமுக்குள்ளேயே ரேலி பள்ளி ஒன்று இருக்கிறது. அதன் பாடங்கள் சொல்வதும் இதைத்தான். வளைவுக்கு முன்னால் பிரேக்கைத் தொட்டால் வண்டியின் எடை முன் சக்கரங்களுக்கு வரும். முன் டயர் மண்ணைக் கடிக்கும், பின்பக்கம் லேசாகும். அந்த அரை நொடிதான் வண்டி கேட்கும் நேரம். அப்போது கொஞ்சம் திருப்பினால் போதும், மீதியைப் பின்பக்கம் தானே சுழன்று பார்த்துக்கொள்ளும். வழுக்கிவிட்டால் ஒடித்த ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் நேராக்க வேண்டும். கை மறுக்கும், ஆனால் டயர் மறுபடி பிடிப்பது அப்போதுதான். இடது காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே வலது காலால் ஆக்சிலேட்டரை விடாமல் பிடிப்பது என்றொரு வித்தை உண்டு. 1960களில் ஸ்வீடனின் எரிக் கார்ல்சன் போன்றவர்கள் சாப் 96 என்ற சின்ன காரில் அதைப் பெரிதாகப் பயன்படுத்தினார்கள். அது டூ-ஸ்ட்ரோக் இன்ஜின், சக்தி குறைவு. ஆக்சிலேட்டரை விட்டால் வேகம் செத்துவிடும். மறுபடி பிடிக்க நேரம் ஆகும். விடக்கூடாது என்பதால் வந்த பழக்கம் அது. மணலில் மாமா ஆக்சிலேட்டரை விடாததற்கும் இதேதான் காரணம், அவர் சாப் காரைப் பார்த்ததில்லை என்றாலும்.

பாலைவன மணலில் இதே பாடத்தைப் படித்த ஒருவர் புத்தகமே எழுதியிருக்கிறார். ரால்ஃப் பாக்னால்ட் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி. 1920களின் கடைசியிலும் 30களிலும் லிபியப் பாலைவனத்தை ஃபோர்டு கார்களில் கடந்தவர். டயரில் காற்றை இறக்குவது, மேட்டை வேகத்தோடு ஏறுவது, புதைந்தால் இரும்புத் தகட்டைச் சக்கரத்துக்குக் கீழே செருகுவது என்று எல்லாம் செய்து பார்த்தார். பிறகு மணல் எப்படிப் பறக்கிறது, எப்படிக் குவிகிறது என்று ஆராய்ந்து எழுதிய நூல் 1941ல் வந்தது. செவ்வாய்க் கிரகத்து மணல் மேடுகளைப் படிப்பவர்கள்கூட அதைப் புரட்டுகிறார்கள்.

எனக்கு ஆனாலும் இந்த விளையாட்டில் ஓட்டுநரைவிடப் பக்கத்து சீட்டுக்காரர்தான் முக்கியமாகப் பட்டார். காரணம் தெரிந்ததுதான். 1955ல் இத்தாலியின் மில்லே மில்யா பந்தயத்தில், ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் பொதுச் சாலையில், ஸ்டர்லிங் மாஸ் மெர்சிடிஸ் காரை ஓட்டினார். பக்கத்தில் டெனிஸ் ஜென்கின்சன், தாடி வைத்த பத்திரிகையாளர். பந்தயத்துக்கு முன் இருவரும் அந்தப் பாதையில் பலமுறை போய் வந்து, ஆபத்தான வளைவுகளையெல்லாம் குறித்து, சுமார் 18 அடி நீளத் தாளாக ஒட்டி, ஒரு சின்ன அலுமினியப் பெட்டிக்குள் சுருட்டி வைத்தார்கள். இன்ஜின் இரைச்சலில் பேச முடியாது என்பதால் கை சைகைகள். நடுவில் ஜென்கின்சன் வாந்தி எடுக்கத் தலையை வெளியே நீட்டியபோது காற்று அவர் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போனது. மாற்றுக் கண்ணாடி கையில் இருந்ததால் தப்பித்தார்கள். 10 மணி 7 நிமிடம் 48 நொடியில் முடித்து வென்றார்கள். கண்ணுக்குத் தெரியாத மேட்டுக்கு அந்தப் பக்கம் பாதை எப்படி இருக்கிறது என்பதை இன்னொருவர் சைகையை நம்பி முழு வேகத்தில் தாண்டினார் மாஸ். ரேலியின் பாதைக் குறிப்புகளுக்குப் பெரிய முன்னோடியாகச் சொல்லப்படுவது இந்த ஓட்டம்தான்.

கேமில் அந்தக் குரல் ஒருபோதும் தப்பு சொல்லாது. இடது என்றால் இடதுதான். எனக்கு இது ஒரு குறையாகவே பட்டது. அசல் ரேலியில் கோ-டிரைவர் ஒரு வரியைத் தவறவிட்டுக் கவிழ்ந்த கார்கள் உண்டு. மறுநாள் அதே இருவர் அதே காரில் உட்கார வேண்டும். அந்த மறுநாளை எந்த கேமும் இன்னும் செய்து காட்டவில்லை.

பர்ன்ஸைப் பற்றிப் பிறகுதான் படித்தேன். 2001ல் கோ-டிரைவர் ராபர்ட் ரீடோடு உலக ரேலி சாம்பியன் ஆனவர். அந்த வருடம் முழுக்க அவர் வென்றது நியூசிலாந்தில் ஒரே ஒரு பந்தயம்தான். மற்றவர்கள் வண்டியை உடைத்துக்கொண்ட இடங்களில் இவர் கொண்டுபோய்ச் சேர்த்தார். 2003 நவம்பரில் ஒரு பந்தயத்துக்காகச் சாலையில் கார் ஓட்டிக்கொண்டு போகும்போதே நினைவு தப்பியது. பக்கத்தில் இருந்த சக ஓட்டுநர் மார்க்கோ மார்ட்டின் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். மூளைக் கட்டி. கேம் கடைக்கு வந்தபோது பர்ன்ஸ் சிகிச்சையில் இருந்தார். பட்டம் வென்று சரியாக நான்கு வருடம் கழித்து, 2005 நவம்பர் 25ல் இறந்தார். வயது 34.

அவர் பெயரில் இருக்கும் பள்ளியில்தான் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அவர் இல்லை, பாடம் இருக்கிறது. சென்னையில் சோழவரம் ஓடுதளத்தில் ஓடியவர்கள் பற்றிக்கூடக் கேள்விப்படலாம், இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்ப் பார்க்கலாம். 2019ல் கௌரவ் கில்லுக்கு அர்ஜுனா விருது கிடைத்தபோது மோட்டார் பந்தயத்துக்கு அது முதல் தடவை என்று பேப்பரில் வந்தது. எங்கள் மணல் ஓட்டுநர்களுக்கு லைசென்ஸ் போட்டோ தவிர வேறு பதிவு கிடையாது. இத்தனைக்கும் மாமா பிறந்தபோது ராமேஸ்வரம் தீவுக்கு ரோடே இல்லை. பாம்பன் சாலைப் பாலம் 1988 அக்டோபரில்தான் திறந்தது. ஒரே தலைமுறைக்குள் ஒரு வித்தை உருவாகி, ஒன்பதரை கிலோமீட்டர் தார் ரோடு 2017ல் அரிச்சல்முனை வரை போனதும் முடிந்தும்விட்டது. ரோடு வந்தது நல்லது. பிரசவத்துக்குத் துடிப்பவளை மணலில் ஏற்றிக்கொண்டு போன நாட்களை அங்கிருக்கும் மீனவக் குடும்பங்கள் மறக்கவில்லை. மாமாவும் ரோட்டைக் குறை சொன்னதில்லை. இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்.

போன வருடம் நான் ஒரு நோட்டு வாங்கினேன். கேமில் பழகிய குறியீட்டு முறையில், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து கோயில் சுவர் வரை, மாமா சொல்லச் சொல்ல எழுதுவது என்று திட்டம். வளைவு, தூரம், மண்ணின் நிறம், எந்த மாதம், என்ன காற்று. ஆட்டோவிலேயே போனோம். தார் ரோட்டிலிருந்து இறங்கி அங்கங்கே நடந்தோம்.

மாமாவுக்கு வரிசையாகச் சொல்ல வரவில்லை. "இங்க கொஞ்சம் பாத்துப் போணும்" என்பார். எவ்வளவு பாத்து என்று கேட்டால் சிரிப்பார். ஒரு இடத்தில் குனிந்து மணலை அள்ளி உருட்டி என் கையில் வைத்தார். "இது ஒட்டுதா? ஒட்டுனா ஓட்டு." அதை எந்த எண்ணில் எழுதுவது? ஒட்டுது என்றே எழுதினேன். நாலு பக்கம் தேறியது.

திரும்பும்போது ஒரு இடத்தில் நின்றோம். எந்த இடம் என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது. நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, "இங்க வலதுன்னு நான்தான் மாமா சொன்னேன்" என்றேன்.

"நீ சொன்ன. ஓட்டுனது நான்தான?" என்றார். பிறகு நோட்டை எட்டிப் பார்த்தார். "எழுது. வாடைக் காலம், சாயங்காலம், இங்க பழைய தடத்தை நம்பாத."

எழுதிக்கொண்டேன். ரோட்டின் குறுக்கே கச்சான் கொண்டுவந்து போட்ட மணல் ஒரு அடி உயரத்துக்குக் கிடந்தது. மாமா ஆட்டோவை நிறுத்தி இறங்கி, காலால் தட்டிப் பார்த்துவிட்டு வந்து, மெதுவாக, பிரேக்கைத் தொடாமல், அதன் மேல் ஏற்றினார்.