காற்றுத் தாங்கிப் பம்பு (மோட்டார் சைக்கிள்)

மோட்டார் சைக்கிளின் ஷாக் அப்சார்பர்களில் எஃகுச் சுருளுக்குப் பதிலாகவோ துணையாகவோ அடைக்கப்படும் காற்றின் அழுத்தத்தை, ஏற்றும் பாரத்திற்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் உதவும் கைச்சாதனம். 1980ஆம் ஆண்டு மாடலான ஹோண்டா கோல்ட் விங் ஜிஎல்1100, ஹார்லி-டேவிட்சனின் முந்தைய நெடும்பிரயாண வண்டிகள் ஆகியவை இவ்வகைத் தாங்கிகளுக்குப் பிரசித்தமான உதாரணங்கள்.

டயரோடு ஒப்பிட, தாங்கியினுள் அடங்கும் காற்று மிகச் சொற்பமாதலால், பெட்ரோல் நிலையத்துக் காற்றுக்குழாய் ஒரு கணத்தில் செலுத்தும் வேகமே சீல்களைச் சிதைத்துவிடக்கூடும். ஆகவே, ஒவ்வோர் அழுத்தலுக்கும் சிறிதளவே காற்றைச் செலுத்துவதும், மிகைக் காற்றை வெளியேற்றும் பொத்தானும், கழற்றுகையில் வால்வை முன்னதாகவே மூடி இழப்பைத் தவிர்க்கும் முனையும் உடையதுமான பம்பே உசிதமானது. மானியும் தாழ்அழுத்தத்திற்கென அமைந்திருத்தல் அவசியம். மலைச் சைக்கிள் பம்புகளின் 300 பிஎஸ்ஐ மானியில் 20க்கும் 25க்கும் உள்ள பேதம் எளிதில் புலப்படாது.

பினாங்கில், ஜார்ஜ்டவுனிலிருந்து பத்து ஃபிரிங்கி, தெலுக் பஹாங் வழியே பாலிக் பூலாவுக்கு வளைந்தேறும் சாலையில் பின்னிருக்கையில் ஆளோடு செல்வோர், புறப்படுமுன் தாங்கி குளிர்ந்திருக்கையிலேயே அளவு பார்ப்பது நலம். வெயிலிலும் ஓட்டத்திலும் சூடேறிய காற்று கூடுதல் அழுத்தமே காட்டும். கடலோர உப்புக்காற்று உலோகத்தை அரிப்பதால், வால்வு மூடியை இடாமல் விடலாகாது. எந்நிலையிலும் வண்டியின் கையேடு விதிக்கும் உச்சவரம்பே பிரமாணம்.