தொட்டியும் குழாயும்: ஒரு பழைய கணக்கின் கதை



வேலைக்குப் போய்ச் சில வருடம் கழித்து எம்.பி.ஏ. படிக்க விரும்பி, உங்களில் சிலர் ஜிமேட் நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறீர்கள். "கம்பெனி நடத்தப் படிக்கப் போகிறோம். அதற்கு எதற்குப் பள்ளிக்கூடத்துத் தொட்டி, குழாய்க் கணக்கு?" என்று கேட்கிறீர்கள். "எனக்குக் கணக்கு வராது" என்று அந்த ஆசையையே விட்டுவிட்டவர்களும் உண்டு. முக்கியமாக அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தேர்வுக்கு வயது அதிகமில்லை. 1953இல் அமெரிக்க வணிகப் பள்ளிகள் ஒன்பதின் பிரதிநிதிகள் கூடிப் பேசினார்கள். 1954இல் முதல் தேர்வு நடந்தது. ஜிமேட் என்ற பெயர் 1976இல்தான் வந்தது.

கணக்குகளோ மிகப் பழையவை. ஃபிபோனாச்சியை உங்களுக்குத் தெரியும். அவருடைய அப்பா இன்றைய அல்ஜீரியாவில் உள்ள பிஜாயா துறைமுகத்தின் சுங்கச்சாவடியில், இத்தாலியின் பைசா நகர வணிகர்களுக்காக வேலை பார்த்தார். மகனை அங்கே வரவழைத்துக் கணக்குப் படிக்க வைத்தார். இந்திய எண்களை மகன் கற்றது அங்கேதான். 1202இல் அவர் எழுதிய 'லிபர் அபாசி' நூலில் சரக்கு விலை, பண்டமாற்று, கூட்டு வியாபாரத்தில் லாபம் பிரித்தல், நாணயத்துக்கு உலோகம் கலத்தல் எல்லாம் இருக்கின்றன. பிற்பாடு இத்தாலிய நகரங்களில் வணிகர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பள்ளிகளே நடந்தன.

நம் நாட்டில் இது இன்னும் பழையது. தெரிந்த மூன்று எண்களை வைத்து நான்காவதைக் காணும் திரைராசிகத்தை ஆரியபட்டர் 499இலேயே சொல்லிவிட்டார். 1150இல் பாஸ்கரர் எழுதிய 'லீலாவதி'யில் தொட்டிக் கணக்கே இருக்கிறது.

நான்கு ஊற்றுகள். தனித்தனியே திறந்தால் ஒன்று 1 நாளிலும், மற்றவை 1/2, 1/3, 1/6 நாளிலும் ஒரு தொட்டியை நிரப்பும். நான்கையும் சேர்த்துத் திறந்தால் எவ்வளவு நேரம்?

நேரங்களைக் கூட்டாதீர்கள். ஒரு முழு நாளில் ஒவ்வொன்றும் எத்தனை தொட்டி நிரப்பும் என்று பாருங்கள். 1, 2, 3, 6. மொத்தம் 12 தொட்டி. அப்படியானால் ஒரு தொட்டிக்கு 1/12 நாள், அதாவது 2 மணி நேரம். வகுப்பில் படித்த ஓரலகு முறைதான் இது. ஊற்றுக்குப் பதில் நான்கு இயந்திரம், தொட்டிக்குப் பதில் ஒரு ஆர்டர் என்று வையுங்கள். சரக்கை எப்போது அனுப்பலாம் என்று முதலாளி போடும் கணக்கு வந்துவிடும்.

இப்போதைய ஜிமேட்டில் கணிதப் பகுதிக்கு 45 நிமிடம், 21 கேள்விகள், கால்குலேட்டர் கிடையாது. பலரைப் பயமுறுத்துவது கணக்கல்ல, கடிகாரம். அதனால் முதல் சில வாரங்கள் கடிகாரத்தைப் பார்க்காமல் போடுங்கள். ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதுங்கள். வழி கைக்கு வந்த பிறகு நேரம் வைத்துப் பழகுங்கள். வேகம் பழக்கத்தில் வரும். முப்பது வயதிலும் வரும்.

இன்றைய வீட்டுப்பாடம், சுமார் 2000 ஆண்டுப் பழைய சீன நூலான 'ஒன்பது அத்தியாயங்க'ளிலிருந்து. ஐந்து கால்வாய்கள் ஒரு குளத்தைத் தனித்தனியே 1/3, 1, 2 1/2, 3, 5 நாட்களில் நிரப்பும். ஐந்தையும் சேர்த்துத் திறந்தால் எவ்வளவு நேரம்?

விடையைக் கமெண்ட்டில் போடுங்கள். வழிமுறை இல்லாவிட்டால் மதிப்பெண் கிடையாது!