நீ லாரி ஓட்டினால் போதும்

பெட்ரோல் தீர்ந்துவிட்டது.

1944 ஆகஸ்ட் மாதக் கடைசி. பிரான்ஸின் கிழக்குப் பகுதி, மியூஸ் நதிக்கரை. அமெரிக்க ஜெனரல் பேட்டனின் மூன்றாவது ராணுவம் அப்படியே நின்றுவிட்டது. ஜெர்மானியர்கள் தடுத்து நிறுத்தவில்லை. அவர்கள் அப்போது திரும்பிப் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். துரத்த வேண்டிய டாங்கிகளின் வயிறுதான் காலி. நாளொன்றுக்கு நாலு லட்சம் காலன் கேட்டிருந்தார் பேட்டன். ஆகஸ்ட் 30-ம் தேதி வந்து சேர்ந்தது வெறும் 32,000 காலன். என் ஆட்கள் பெல்ட்டைத் தின்றுகூடச் சமாளிப்பார்கள், டாங்கி எதைத் தின்னும் என்கிற ரீதியில் தலைமைத் தளபதி ஐசனோவரிடம் சத்தம் போட்டார். ஐசனோவரும்தான் என்ன செய்வார்? இருந்த கொஞ்சநஞ்சத்தில் பெரும்பகுதியை வடக்கே போகிற படைகளுக்குக் கொடுத்தாகிவிட்டது.

உலகத்தின் மிகப்பெரிய பணக்கார நாட்டு ராணுவத்துக்கு ஏன் இந்த நிலைமை? பெட்ரோலுக்குப் பஞ்சமா? அதெல்லாம் இல்லை. நார்மண்டிக் கடற்கரையில் பெட்ரோல் இருந்தது. சோறு இருந்தது. குண்டு இருந்தது. எல்லாம் மலைமலையாக இருந்தது. ஆனால் படை இருந்த இடம் கடற்கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி.

நான் பி.காம். படித்தவன். கல்லூரியில் எங்கள் வாத்தியார் அடிக்கடி சொல்வார், குடோனில் இருக்கிற சரக்கு சரக்கே இல்லை, வாடிக்கையாளர் கைக்குப் போனால்தான் சரக்கு. யுத்தத்துக்கும் அது பொருந்தும் என்று அப்போது தெரியாது.

இந்தச் சிக்கலில் பாதி, நேச நாடுகள் தங்கள் கையாலேயே செய்துகொண்டது. ஜூன் 6-ல் நார்மண்டியில் இறங்குவதற்கு முன்னால், ஜெர்மன் படைகள் ரயிலேறி அங்கே வந்து சேர்ந்துவிடக் கூடாது என்று பிரான்ஸின் ரயில் பாதைகள், பாலங்கள், யார்டுகள் எல்லாவற்றின் மீதும் குண்டு போட்டு நாசம் செய்திருந்தார்கள். நல்ல திட்டம். பலித்தது. ஆனால் நாட்டைப் பிடித்த பிறகு சரக்கு அனுப்ப அவர்களுக்கே ரயில் இல்லாமல் போனது.

துறைமுகம்? ஷெர்பூரைப் பிடித்தார்கள். ஜெர்மானியர்கள் அதை உடைத்துப் போட்டுவிட்டுத்தான் கொடுத்தார்கள். ஒமாஹா கடற்கரையில் மிதவைகளை வைத்துக் கட்டிய செயற்கைத் துறைமுகத்தை ஜூன் மூன்றாவது வாரம் அடித்த புயல் கொண்டுபோய்விட்டது.

போதாக்குறைக்கு, எதிர்பாராத வெற்றி வேறு! சீன் நதியை செப்டம்பர் 4-ம் தேதி வாக்கில் தொடுவோம், அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு, சரக்கெல்லாம் வந்து சேர்ந்தபிறகு மேலே போவோம் என்பது மூலத் திட்டம். ஆகஸ்ட் 24-க்குள்ளாகவே சீன் நதிக்கு வந்துவிட்டார்கள். வந்தவர்கள் நிற்கவும் இல்லை. ஜெர்மன் எல்லையை 1945 மே மாதம் தொடலாம் என்று பேப்பரில் எழுதி வைத்திருந்தார்கள். முதல் அமெரிக்க ரோந்துப் படை அந்த எல்லையைத் தாண்டியது 1944 செப்டம்பர் 11-ல்.

முன்னேறிய அமெரிக்க டிவிஷன்கள் மொத்தம் 28. ஒரு டிவிஷனுக்கு நாளொன்றுக்குத் தேவை ஏறத்தாழ 750 டன். பெருக்கிப் பாருங்கள். இருபதாயிரம் டன்னுக்கு மேல். தினசரி. இந்தக் கணக்குக்கு ஒரே ஒரு விடைதான் மிச்சமிருந்தது.

லாரி.

ஹிட்லரின் ராணுவம் என்றதும் உங்களுக்கு வரிசையாக டாங்கிகளும் மோட்டார் சைக்கிள்களும்தான் ஞாபகத்துக்கு வரும். சினிமா செய்த வேலை அது. 1941-ல் ரஷ்யாவுக்குள் நுழைந்தபோது அந்த ராணுவம் கூட்டிப்போனது ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை! லாரிகளும் இருந்தன. ஆனால் ஐரோப்பா முழுக்கப் பிடுங்கிக்கொண்டு வந்த வண்டிகள். சுமார் இரண்டாயிரம் ரகம். ஒன்றின் ஸ்பேர் பார்ட் இன்னொன்றுக்குச் சேராது. நடுக்காட்டில் ஆக்சில் உடைந்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடக்க வேண்டியதுதான்.

அமெரிக்கர்கள் புத்திசாலிகள். ஒரே மாதிரி வண்டியை லட்சக்கணக்கில் செய்தார்கள். ஜி.எம்.சி. கம்பெனியின் இரண்டரை டன் லாரி. மூன்று ஆக்சில்களுக்கும் எஞ்சின் சக்தி போகும் என்பதால் சேறு, சகதி, ஆற்றுமணல் எதிலும் ஏறி இறங்கும். யுத்த காலத்தில் மட்டும் ஐந்தரை லட்சத்துக்கு மேல் உருவாக்கினார்கள். வீரர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் ‘ஜிம்மி’. இரண்டரை டன் என்பது சும்மா பெயருக்கு. அவசரத்தில் ஐந்து டன்கூட ஏற்றினார்கள். நமக்கென்ன, ஓவர்லோடு தெரியாத விஷயமா?

1944 ஆகஸ்ட் 25. பாரிஸ் விடுதலையான அதே நாள். ‘ரெட் பால் எக்ஸ்பிரஸ்’ கிளம்பியது. அமெரிக்க ரயில்வேயில், வழியில் எங்கும் நிறுத்தாமல் போகவேண்டிய அவசரச் சரக்குக்கு ரெட் பால் என்று பெயர். அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். சான் லோ நகரிலிருந்து ஷார்த்ர் வரை ஒரு சாலை. போக மட்டும். திரும்பி வருவதற்குத் தெற்கே இன்னொரு சாலை. ராணுவ வண்டி தவிர வேறு எதற்கும் அனுமதி கிடையாது. வழி நெடுகச் சிவப்பு வட்டம் போட்ட போர்டுகள். முச்சந்திகளில் ராணுவ போலீஸ்.

ஐந்தாவது நாள், ஆகஸ்ட் 29 அன்று, 132 லாரி கம்பெனிகள், 5,958 வண்டிகள். அன்று ஒரு நாளில் கொண்டு சேர்த்தது 12,342 டன்.

விதிமுறை என்னவோ கறாராகத்தான் இருந்தது. மணிக்கு 25 மைல் வேகம். வண்டிக்கு வண்டி 60 கெஜம் இடைவெளி. குறைந்தது ஐந்து வண்டிகள் சேர்ந்துதான் போக வேண்டும். டிரைவர்கள் இதையெல்லாம் பார்த்துச் சிரித்திருக்க வேண்டும். வேகத்தைக் கட்டுப்படுத்த எஞ்சினில் பொருத்தியிருந்த கருவியைக் கழற்றிக் கடாசிவிட்டுப் பறந்தார்கள். ராத்திரியில் ஹெட்லைட் போடக் கூடாது. பூனைக்கண் மாதிரி மினுங்கும் ஒரு சின்ன வெளிச்சம் மட்டும். படை முன்னேற முன்னேறப் பாதையும் நீண்டது. ஒரு நடை போய்வர இரண்டு நாளுக்கு மேல் ஆனது. வண்டிக்கு இரண்டு பேர். ஒருவர் தூங்க, ஒருவர் ஓட்ட வேண்டும். சில சமயம் ஓடுகிற வண்டியிலேயே இடம் மாறிக்கொள்வார்கள். வீரர்கள் தின்றுவிட்டு எறிந்த தகர டப்பாக்கள் டயரைக் கிழித்தன. தூக்கத்தில் பள்ளத்தில் இறங்கிய வண்டிகள் ஏராளம்.

எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்லமாட்டேன். பாரிஸ் கள்ளச்சந்தையில் பெட்ரோல் விற்றவர்கள் இருந்தார்கள். கொஞ்ச நேரம் கண்ணயர்வதற்காக வண்டியைத் தாங்களே பழுதாக்கிவிட்டு உட்கார்ந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் நவம்பர் 16-ல் இந்தச் சேவை நிறுத்தப்பட்டபோது கணக்கு இப்படி நின்றது: பன்னிரண்டு வாரம், 4,12,193 டன். சராசரியாக நாளொன்றுக்கு சுமார் ஐயாயிரம் டன்.

கணக்கு என்றால் செலவுப் பக்கமும் உண்டல்லவா? அந்தச் சாலையில் ஓடிய லாரிகளே ஒரு நாளைக்கு மூன்று லட்சம் காலன் பெட்ரோல் குடித்தன. முன்னால் பேட்டன் கேட்டதில் முக்கால் பங்கு! தூரம் கூடக்கூட, கொண்டுபோகிற சரக்கைவிடக் கொண்டுபோகும் செலவு பூதமாக வளர்ந்தது. அதனால்தான் அந்த செப்டம்பரில் ஜெர்மன் எல்லையோரமாகப் படைகள் திணறி நிற்க வேண்டியதாயிற்று. ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் நவம்பர் 28-ல் கப்பல்கள் வரத் தொடங்கிய பிறகுதான் நிம்மதி. லாரியால் யுத்தத்தை முடிக்க முடியவில்லை. ஆனால் அதுவரை படை பட்டினியில் சாகாமல் பார்த்துக்கொண்டது லாரிதான். ரெட் பால்தான் உயிர்நாடி என்று ஐசனோவரே டிரைவர்களுக்குச் செய்தி அனுப்பினார்.

இனிமேல்தான் முக்கியமான சமாசாரம். யார் அந்த டிரைவர்கள்?

நாலில் மூன்று பேர் கறுப்பினத்தவர்கள்.

காரணம், அவர்கள் பிரமாதமாக வண்டி ஓட்டுவார்கள் என்பதல்ல. அவர்கள் கையில் துப்பாக்கி கொடுக்க அமெரிக்க ராணுவத்துக்கு மனம் இல்லை. கறுப்பர்களுக்கு வெள்ளையர்கள் அளவுக்கு அறிவோ துணிச்சலோ கிடையாது என்று 1925-ல் ராணுவப் போர்க் கல்லூரியே ஓர் அறிக்கை எழுதி வைத்திருந்தது. ஆகவே கறுப்பினத்தவருக்குத் தனிப் படைப்பிரிவு, தனிச் சாப்பாட்டுக்கூடம், தனிக் கொட்டடி. பெரும்பாலானவர்களுக்கு மூட்டை தூக்குவது, ரோடு போடுவது, லாரி ஓட்டுவது. உனக்கெதற்கப்பா சண்டை? நீ லாரி ஓட்டினால் போதும்.

அந்த நாட்களில் அவர்கள் நிலைமை எப்படி இருந்தது என்று புரிந்துகொள்ள ஒரு கடிதம் போதும். ரெட் பால் தொடங்குவதற்கு நான்கு மாதம் முன்னால், 1944 ஏப்ரல் 28 தேதியிட்ட ‘யாங்க்’ இதழில் வந்தது. அது ராணுவ வீரர்களுக்கான வாரப் பத்திரிகை. எழுதியவர் ரூபர்ட் டிரிமிங்ஹாம் என்கிற கறுப்பின கார்ப்பரல்.

அவரும் இன்னும் எட்டு கறுப்பின வீரர்களும் லூசியானா மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் ரயில் மாறக் காத்திருந்தார்கள். ராத்திரி முழுக்க. காபி குடிக்க ஊரில் ஒரு கடையும் இவர்களை உள்ளே விடவில்லை. ரயில் நிலைய உணவகத்தில் மட்டும், வேண்டுமானால் பின்பக்கமாகச் சமையலறைக்குப் போங்கள் என்றார்கள். மறுநாள் காலை அதே நிலையத்துக்கு இரண்டு டஜன் ஜெர்மன் போர்க் கைதிகள் வந்தார்கள், இரண்டு அமெரிக்கக் காவலர்களோடு. நேராக உள்ளே போனார்கள். மேஜையில் உட்கார்ந்தார்கள். பரிமாறினார்கள், சாப்பிட்டார்கள், பேசினார்கள், சிரித்தார்கள். அமெரிக்கச் சீருடை அணிந்தவர்கள் வெளியே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படியானால் நாங்கள் எதற்காகச் சண்டை போடுகிறோம் என்று கேட்டிருந்தார் டிரிமிங்ஹாம்.

அவருக்கு 287 கடிதங்கள் வந்தன. அதில் 183, வெள்ளையின ராணுவத்தினர் எழுதியவை. பலரும் அந்தத் தென் மாநிலங்களைச் சேர்ந்தவர்கள்.

அந்த டிசம்பரில் ஜெர்மானியர்கள் ஆர்டென்ஸ் காட்டுக்குள்ளிருந்து திடீரென்று பாய்ந்தார்கள். காலாட்படைக்கு ஆள் போதவில்லை. முதல்முறையாக, லாரி ஓட்டுவது மாதிரியான பிரிவுகளில் இருந்த கறுப்பின வீரர்களைப் பார்த்துச் சண்டைக்கு வருகிறீர்களா என்று கேட்டார்கள். ஒரு நிபந்தனை. சார்ஜென்ட், கார்ப்பரல் எல்லாம் பதவியை விட்டுவிட்டு சாதாரண சிப்பாயாக வரவேண்டும். வெள்ளையனுக்கு உத்தரவு போடும் இடத்தில் கறுப்பன் இருக்கக் கூடாதே! 1945 பிப்ரவரிக்குள் 4,500 பேருக்கு மேல் முன்வந்தார்கள். சேர்த்துக்கொண்டது இரண்டாயிரத்துச் சொச்சம் பேரை. வேறு பல வேலைகளில் இருந்தவர்களோடு ஸ்டியரிங்கை விட்டுவிட்டு வந்தவர்களும் அதில் உண்டு. பதவி போனாலும் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை, துப்பாக்கி தூக்கத் தெரியும் என்று ஒருமுறையாவது காட்டிவிட வேண்டும்.

காட்டினார்கள். வெள்ளையர் கம்பெனிகளோடு சேர்ந்து ஜெர்மனிக்குள் சண்டை போட்டார்கள். யுத்தம் முடிந்ததும் அந்தப் பிளாட்டூன்களைக் கலைத்துவிட்டார்கள். 1948 ஜூலை 26-ல் ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ராணுவத்தில் இனப் பாகுபாட்டை ஒழிக்கும் வேலை தொடங்கியது.

1952-ல் ஹாலிவுட்டில் ‘ரெட் பால் எக்ஸ்பிரஸ்’ என்றே ஒரு படம் எடுத்தார்கள். கதாநாயகன் ஜெஃப் சாண்ட்லர், வெள்ளையர். அப்போதுதான் நடிக்க வந்திருந்த சிட்னி பாய்ட்டியருக்கு ஒரு துணை வேடம். நாலில் மூன்று பேர் என்கிற கணக்கு திரைக்கு வந்தபோது தலைகீழாகிவிட்டது.

அடுத்தமுறை டிவியில் யுத்தப் படம் பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். டாங்கி பாய்ந்து வரும். குண்டு வெடிக்கும். ஜெனரல் வசனம் பேசுவார். அதையெல்லாம் விட்டுவிட்டு, பின்னால் எங்காவது ஒரு லாரி தெரிகிறதா என்று தேடுங்கள். தெரிந்தால், ஓட்டுகிறவரின் முகத்தையும் காட்டுகிறார்களா என்று பாருங்கள்.