ஸ்கிரீன்ஷாட் வந்துச்சு... காயின் வந்துச்சா? போலிப் பரிவர்த்தனையை கிரிப்டோ நெட்வொர்க் எப்படிப் பிடிக்கிறது?

பழனிசெட்டிபட்டியில் ஒரு பேக்கரி. டீ குடிச்சுட்டு க்யூஆர் கோடை ஸ்கேன் பண்றீங்க. கல்லாவில் இருப்பவர் உங்கள் போனை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருக்கிற சவுண்ட் பாக்ஸ் 'பணம் வந்தது' என்று சொன்னால்தான் தலையாட்டுவார். போனில் காட்டும் பச்சை டிக்கை யார் வேண்டுமானாலும் போலியாகத் தயாரிக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். அந்த சவுண்ட் பாக்ஸுக்குப் பின்னால் ஒரு வங்கி இருக்கிறது. கணக்கில் காசு இருக்கா, அனுப்பியது யார் என்று அதுதான் பார்க்கிறது.

இப்போ, உங்கள் பழைய போனை ஒருவர் வாங்கிக்கொண்டு, "பிட்காயினா அனுப்பிட்டேன் ப்ரோ" என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறார் என வைத்துக்கொள்வோம். பிட்காயினுக்கு வங்கியும் கிடையாது, மேனேஜரும் கிடையாது. அப்புறம் அவர் சொல்றது பொய்யா, நிஜமான்னு யார் பார்ப்பது?

ஆயிரக்கணக்கான கணக்குப்பிள்ளைகள்

2009 ஜனவரியில் பிட்காயின் இயங்கத் தொடங்கியது. அன்றிலிருந்து நடந்த எல்லாப் பரிவர்த்தனைகளும் ஒரே பேரேட்டில் இருக்கின்றன. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ஆளுக்கொரு பிரதி வைத்திருக்கின்றன. இவற்றுக்கு 'நோடு' என்று பெயர். நீங்கள் ஒரு பரிவர்த்தனையை அனுப்பினால், அது முதலில் பக்கத்து நோடுகளுக்குப் போகும். ஒவ்வொரு நோடும் யாரையும் நம்பாமல் தானே சரிபார்க்கும். முக்கியமாகப் பார்ப்பவை இவை:

* கையெழுத்து சரியா? காயினின் உரிமையாளரிடம் இருக்கும் ரகசியச் சாவியால் போட்ட டிஜிட்டல் கையெழுத்தாக இருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் பொருந்தாது.
* அந்தக் காயின் பேரேட்டில் நிஜமாகவே இருக்கா?
* ஏற்கெனவே செலவாகிவிட்டதா?
* கையில் இருப்பதைவிட அதிகமாக அனுப்பப் பார்க்கிறாரா?

ஒன்றில் தவறினாலும் அந்த நோடு பரிவர்த்தனையைத் தூக்கிப் போட்டுவிடும். அடுத்த நோடுக்கு அனுப்பாது. விசாரணை, அபராதம் எதுவும் இல்லை. பேரேட்டில் அது ஏறுவதே இல்லை.

எத்தீரியத்தில் சின்ன வித்தியாசம் உண்டு. கையெழுத்தும் கட்டணமும் சரியாக இருந்து, நடுவில் ஏதோ நிபந்தனை தவறினால், 'தோல்வி' என்று பதிவாகும். அனுப்ப நினைத்த காயின் உங்களிடமே இருக்கும். ஆனால், 'கேஸ்' எனப்படும் கட்டணம் போனது போனதுதான்.

ஒரே காசு, ரெண்டு பேருக்கு!

ஒரு பத்து ரூபாய் நோட்டை ஒரே நேரத்தில் டீக்கடையிலும் பெட்டிக்கடையிலும் கொடுக்க முடியாது. டிஜிட்டல் காசில் அதற்கு முயற்சி செய்யலாம். ஒரே காயினை உங்களுக்கும் இன்னொருவருக்கும் அனுப்புவதுதான் 'டபுள் ஸ்பெண்டிங்'.

முதல்கட்டச் சோதனையில் தேறிய பரிவர்த்தனைகள் 'மெம்பூல்' என்ற காத்திருப்பு அறையில் இருக்கும். அங்கிருந்து மைனர்கள் எடுத்து 'பிளாக்'கில் அடுக்குவார்கள். பிட்காயினில் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக். இரண்டு பரிவர்த்தனைகளில் எது பிளாக்கில் ஏறுகிறதோ அதுதான் செல்லும். மற்றது செல்லாக்காசு.

இங்கேதான் நீங்கள் உஷாராக இருக்க வேண்டும். பிளாக்கில் ஏறும்வரை, அனுப்பியவர் அதிகக் கட்டணம் கட்டி அதே காயினைத் தன் இன்னொரு முகவரிக்கே திருப்பிவிட முடியும். ஸ்கிரீன்ஷாட்டில் 'பெண்டிங்' என்று இருந்தால், காசு இன்னும் உங்களுடையது ஆகவில்லை. உங்கள் பரிவர்த்தனை ஏறிய பிளாக்குக்கு மேல் பிளாக்குகள் அடுக்கப்பட, அதை மாற்றுவது கஷ்டமாகிக்கொண்டே போகும். பெரிய தொகை என்றால் 6 உறுதிப்படுத்தல்கள், அதாவது சுமார் 1 மணி நேரம் காத்திருப்பது பழைய வழக்கம்.

மைனிங் சக்தியில் பாதிக்கு மேல் ஒருவர் கையில் போனால், ஏறிய பிளாக்கையே மாற்றி எழுதலாம். பிட்காயின் அளவுக்கு பலம் இல்லாத நெட்வொர்க்குகளில் இது நடந்திருக்கிறது. 2018 மே மாதம் பிட்காயின் கோல்டிலும், 2020 ஆகஸ்ட்டில் எத்தீரியம் கிளாசிக்கிலும் இப்படித்தான் டபுள் ஸ்பெண்டிங் செய்தார்கள்.

மைனரே தப்பு பண்ணினா?

மைனர் என்பதால் சலுகை கிடையாது. 2023 செப்டம்பரில் அமெரிக்காவின் பெரிய மைனிங் நிறுவனமான மாரத்தான் டிஜிட்டல், 809478-வது பிளாக்கை உருவாக்கியது. அதில் பரிவர்த்தனைகளின் வரிசை முன்பின்னாக இருந்தது. மற்ற நோடுகள் மொத்த பிளாக்கையும் நிராகரித்துவிட்டன. அன்றைக்கு ஒரு பிளாக்குக்குப் பரிசு 6.25 பிட்காயின். அதுவும் போச்சு, செலவழித்த மின்சாரமும் போச்சு. தங்கள் பரிசோதனையில் ஏற்பட்ட பிழை என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. நேர்மையாக இருந்தால் லாபம், ஏமாற்றினால் நஷ்டம் என்பதுதான் இங்கே போலீஸ்.

நெட்வொர்க்கே ஏமாந்த கதையும் உண்டு. 2010 ஆகஸ்ட் 15-ம் தேதி, மொத்தமே 2.1 கோடிதான் இருக்க முடியும் என்ற பிட்காயினில், ஒரே பரிவர்த்தனையில் 18,400 கோடிக்கும் மேல் பிட்காயின் முளைத்தது! மிகப் பெரிய எண்களைக் கூட்டும்போது கணக்கு தவறிய மென்பொருள் ஓட்டை அது. சில மணி நேரத்தில் திருத்திய மென்பொருள் வந்தது. அந்த பிளாக்கை ஒதுக்கிய புதுச் சங்கிலி, பழையதை முந்திச் சென்றது. முளைத்த காயின்கள் காணாமல் போயின.

நெட்வொர்க்குக்குத் தெரியாத பொய்

இவ்வளவு கறாரான சிஸ்டத்தில் எப்படித் தினமும் யாராவது ஏமாறுகிறார்கள்? நெட்வொர்க் பார்ப்பது கையெழுத்தை. அந்தக் கையெழுத்தை உங்களிடம் ஏமாற்றி வாங்கினார்களா என்று அதற்குத் தெரியாது.

நம் ஊர் உதாரணமே இருக்கு. 2024 ஜூலை 18 அன்று இந்தியாவின் வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ திருடுபோனது. அந்த வாலட்டிலிருந்து பணம் நகர ஒருவர் கையெழுத்து போதாது. பலர் போட வேண்டும். திரையில் காட்டியது ஒன்று, கையெழுத்தானது வேறொன்று என்பது நிறுவனம் கொடுத்த விளக்கம். எத்தீரியம் நெட்வொர்க்கைப் பொறுத்தவரை தேவையான கையெழுத்துகள் எல்லாம் சரி. அதனால் திருட்டுப் பரிவர்த்தனையும் 'செல்லும்' ஆனது. வட கொரிய ஹேக்கர்கள்தான் காரணம் என 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா கூட்டாக அறிவித்தன.

முதலீட்டாளர்களின் கணக்குகள் முடங்கின. அவர்களில் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அவர் வைத்திருந்தது எக்ஸ்ஆர்பி காயின். திருடுபோனவையோ எத்தீரியம் வகை டோக்கன்கள். 2025 அக்டோபரில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ கரன்சி ஒரு சொத்து என்றும், அதை ஒருவருக்காக இன்னொருவர் பாதுகாத்து வைத்திருக்க முடியும் என்றும் தீர்ப்பளித்தார். நெட்வொர்க் தராத பாதுகாப்பைச் சட்டத்தில் தேட வேண்டியிருந்தது.

இன்னொரு வகையும் இருக்கிறது. எத்தீரியம், ட்ரான் போன்ற நெட்வொர்க்குகளில் யார் வேண்டுமானாலும் 'யூஎஸ்டிடி' என்று பெயர் வைத்துப் புது டோக்கன் உருவாக்கலாம். அதை உங்கள் வாலட்டுக்கு அனுப்பினால், அது விதிப்படி சரியான பரிவர்த்தனை. நெட்வொர்க் தடுக்காது. ஆனால், அந்த டோக்கனைக் கொடுத்து ஒரு டீகூட வாங்க முடியாது.

அப்போ நீங்க என்ன பண்ணணும்?

* ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீங்க. பரிவர்த்தனை எண்ணைக் கேட்டு வாங்கி, பிளாக் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் நீங்களே தேடுங்க. முகவரி, தொகை, உறுதிப்படுத்தல்களின் எண்ணிக்கை மூணும் முக்கியம்.
* டோக்கனின் பெயரைப் பார்க்காதீங்க. கான்ட்ராக்ட் முகவரியை, அதை வெளியிட்ட நிறுவனத்தின் தளத்தில் இருப்பதோடு ஒப்பிடுங்க.
* முகவரியின் முதல் நாலு, கடைசி நாலு எழுத்துகளை மட்டும் பார்த்து அனுப்பாதீங்க. அதே மாதிரி தெரியும் முகவரிகளை மோசடிக்காரர்கள் உருவாக்குகிறார்கள்.
* புரியாத எதற்கும் வாலட்டில் 'அப்ரூவ்' கொடுக்காதீங்க. ரகசியச் சொற்றொடரை யார் கேட்டாலும் சொல்லாதீங்க.
* ஏமாந்துட்டீங்களா? உடனே 1930-க்கு அழைங்க. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகார் கொடுங்க. பிளாக்கில் ஏறியதை நெட்வொர்க் திருப்பித் தராது. ஆனால், எக்ஸ்சேஞ்ச்களால் கணக்கை முடக்க முடியும். யூஎஸ்டிடியை வெளியிடும் டெதர் நிறுவனத்தாலும் குறிப்பிட்ட முகவரிகளை முடக்க முடியும். சீக்கிரம் சொன்னால் வாய்ப்பு அதிகம்.

பேக்கரி அண்ணனுக்கு கிரிப்டோ பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளர் நீட்டும் போனைப் பார்க்காமல், தன் பக்கம் சத்தம் வருதான்னு கேட்கிறார் பாருங்க, அந்தப் பழக்கம்தான் நமக்கு வேண்டும். உங்கள் சவுண்ட் பாக்ஸ் பிளாக் எக்ஸ்ப்ளோரர். அது சொல்லும்வரை போனைக் கையை விட்டுக் கொடுத்துடாதீங்க!