சர்வர் அமைப்பும் ஓர் இயற்பியல்காரரும்

டெபியனில் ஆன்சிபிளை நிறுவ ஒரு கட்டளை போதும். எந்தெந்த சர்வர்கள் என்று ஒரு கோப்பு, அவை எப்படி இருக்கணும் என்று யாமலில் இன்னொரு கோப்பு. ஓடவிட்டால் வேலை முடிந்தது. அதையே இரண்டாம் முறை ஓடவிட்டுப் பாருங்கள், கடைசி வரியில் 'சேஞ்ச்டு=0' என்று வரும். எல்லாம் ஏற்கெனவே சரியா இருக்கு, எதையும் மாற்றவில்லை என்று அர்த்தம். இந்தப் பூஜ்யத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

1993. மார்க் பர்ஜெஸ் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் கோட்பாட்டு இயற்பியல் துறையில் ஆய்வாளர். துறையின் சில யூனிக்ஸ் கணினிகளைப் பராமரிக்கும் வேலையும் அவரிடம் இருந்தது. அப்போது யூனிக்ஸ் என்பது ஒன்றல்ல. கம்பெனிக்கு ஒரு வகை. ஒரே வேலைக்கு இங்கே ஒரு கட்டளை, அங்கே வேறு கட்டளை. அதனால் ஷெல் ஸ்கிரிப்டில் செய்யவேண்டிய வேலையைவிட 'இந்த வகையா இருந்தா இப்படி' என்கிற நிபந்தனைகளே அதிகம். அதையெல்லாம் உள்ளே மறைத்துவிடும் ஒரு சின்ன மொழியை பர்ஜெஸ் எழுதினார். அதுதான் சிஎஃப்எஞ்சின்.

ஆனா, என்னைப் பொறுத்தவரை அவருடைய பெரிய பங்களிப்பு அந்த மொழி இல்லீங்க. நாற்பது வரி ஸ்கிரிப்ட் ஒன்று இருபத்து மூன்றாம் வரியில் நெட்வொர்க் அறுந்து நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி முதலிலிருந்து ஓட்டலாமா? 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர் என்று அதில் எழுதியிருந்தால், ஓட்டும்போதெல்லாம் அதே வரி இன்னொரு தடவை சேரும். ராத்திரி இரண்டு மணிக்கு எந்த வரிவரை ஓடியது என்று கையால் தேடுவது எவ்வளவு கொடுமை என்று செய்தவர்களுக்குத் தெரியும். சிஎஃப்எஞ்சின் கேள்வியையே மாற்றியது: 'வரியைச் சேர்' அல்ல, 'வரி இருக்க வேண்டும்'. இருந்தால் சும்மா இரு, இல்லையென்றால் சேர். எந்த நிலையில் தொடங்கினாலும், எத்தனை முறை ஓடினாலும், போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். 1998-இல் எழுதிய கட்டுரையில் பர்ஜெஸ் இதை உடம்பின் நோய் எதிர்ப்பு முறையோடு ஒப்பிட்டார்.

பிறகு வந்தவை வேகமாக வந்தன. 2005-இல் லூக் கேனிஸின் பப்பெட், 2009-இல் ஷெஃப், 2011-இல் சால்ட், 2012-இல் மைக்கேல் டிஹானின் ஆன்சிபிள்.

ஆன்சிபிள் பரவியதற்குக் காரணம் சோம்பல்தான் என்பேன், நல்ல அர்த்தத்தில். பப்பெட்டுக்கு ஒவ்வொரு சர்வரிலும் ஏஜென்ட் வேணும், சான்றிதழ் வேணும். ஆன்சிபிளுக்கு எஸ்எஸ்ஹெச்சும் பைத்தானும் போதும். ஆனால் பப்பெட் ஏஜென்ட் வழக்கமாக அரை மணிக்கு ஒருமுறை தானே வந்து பார்க்கும். யாராவது கையால் மாற்றியிருந்தால் திருத்திவிடும். ஆன்சிபிள் நாம் கூப்பிட்டால்தான் வரும். பர்ஜெஸ் சொன்ன நோய் எதிர்ப்பு இங்கே பாதிதான் இருக்கிறது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. ஷெல் மாட்யூலில் கட்டளையை அப்படியே எழுதினால், ஒவ்வொரு முறையும் 'சேஞ்ச்டு' என்றே வரும். உள்ளே என்ன நடந்தது என்று ஆன்சிபிளுக்குத் தெரியாது. வேறு வழியே இல்லாமல் அதைப் பயன்படுத்தினால், 'கிரியேட்ஸ்' என்று ஒரு கோப்பின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். அந்தக் கோப்பு ஏற்கெனவே இருந்தால் கட்டளை ஓடாது.