ஒலிநாடாவுக்கும் சுருதி உண்டு

இசைத்தட்டை ஓடவிட்டு, அதனுடன் கூடவே வாசித்துப் பழகுவது இசை மாணவர்கள் எங்கும் செய்கிற காரியம். அமெரிக்க ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959ஆம் ஆண்டு வெளியிட்ட ‘கைண்ட் ஆஃப் புளூ’ என்ற புகழ்பெற்ற இசைத்தட்டுடன் அவ்வாறு வாசித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு சங்கடம் காத்திருந்தது. தட்டின் முதல் பக்கத்திலுள்ள மூன்று உருப்படிகளுக்கும் அவர்களுடைய வாத்தியம் சேரவில்லை. தட்டின் சுருதி சற்றே ஏறி நின்றது. அரைச்சுரம்கூட இல்லை; ஆனாலும் காதுக்கு உறுத்தும் அளவு. தட்டைத் திருப்பிப் போட்டால் இரண்டாம் பக்கத்தில் எல்லாம் சரியாக இருந்தது!

டேவிஸும் அவருடைய குழுவினரும் சுருதி தவறி வாசிப்பவர்கள் அல்லர். முதல் பக்கத்து உருப்படிகள் 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் பதிவாயின. முன்னர் கிறிஸ்தவ ஆலயமாக இருந்து ஒலிப்பதிவுக் கூடமாக மாறிய கட்டடம் அது. அன்று மூன்று தடங்களில் பதிவு செய்த டேப் ரிக்கார்டர், சரியான வேகத்தைவிடச் சிறிது மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓடும் இன்னொரு கருவியில் போட்டால் சுருதி ஏறிவிடுமல்லவா? அதுதான் நடந்தது.

இத்தகைய பிழை உடனே ஏன் தெரிவதில்லை என்று நீங்கள் கேட்கலாம். எழுதும்போது மெதுவாக ஓடிய கருவி, படிக்கும்போதும் அதே அளவு மெதுவாக ஓடினால் ஒரு பிழையை மற்றொரு பிழை மறைத்துவிடும். தவறாகப் போகும் கடிகாரத்தை அதே கடிகாரத்தைக் கொண்டு சரிபார்ப்பது போன்றது இது. வேகம் மட்டுமன்று, ஒலியின் அளவு, கூர்மை எல்லாவற்றிலும் டேப் ரிக்கார்டர் இவ்வாறு தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள வல்லது. அதைப் பிற கருவிகளோடு ஒத்துப்போகச் செய்யும் வேலைக்குத்தான் தொழில்துறையில் ‘அலைன்மென்ட்’ என்று பெயர்.

காந்தத்தில் ஒலியைப் பதியலாம் என்று முதலில் செய்து காட்டியவர் டென்மார்க்கைச் சேர்ந்த வால்டெமர் பௌல்சன். ஆண்டு 1898. அவர் பயன்படுத்தியது எஃகுக் கம்பி. காகித நாடாவின்மேல் காந்தத் தூளைப் பூசும் யோசனையை 1928இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஃப்ளாய்மர் கொண்டுவந்தார். அதை வளர்த்து ஏ.இ.ஜி. நிறுவனம் 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ‘மேக்னட்டோஃபோன்’ என்ற கருவியை வைத்தது. நாடா சுத்தமாக ஓடியது; ஒலிதான் இரைச்சலாக இருந்தது.

1940இல் ஜெர்மன் வானொலியில் பணியாற்றிய வால்ட்டர் வெபர் ஒரு தற்செயலைக் கவனித்தார். பழுதுபட்டுத் தானாகவே அதிரத் தொடங்கிய பெருக்கி ஒன்றின் வழியாகப் பதிந்த ஒலி, வியக்கத்தக்க தெளிவுடன் இருந்தது. காதுக்கு எட்டாத மிக உயர்ந்த அதிர்வெண்ணுள்ள மின்னோட்டம் ஒலியுடன் கலந்ததே காரணம். காந்தத் துகள்கள் சிறிய விசைக்கு அசைந்து கொடுப்பதில்லை. அசையும்போதும் விசைக்கு ஏற்ற விகிதத்தில் அசைவதில்லை. இந்த மேலதிக மின்னோட்டம் அவற்றை இடைவிடாமல் உலுக்கி, மெல்லிய ஒலிக்கும் நேர்மையாக இணங்கச் செய்கிறது. இதற்குப் ‘பயாஸ்’ என்று பெயர். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இதே உத்தியை முன்பே கண்டவர்கள் இருந்தார்கள். நாடாவை இசைக்குத் தகுதியாக்கிய பெருமை வெபருடையது.

போர் முடிந்தபின் ஜாக் முல்லின் என்ற அமெரிக்க இராணுவப் பொறியியலார், ஜெர்மனியின் பாட் நௌஹைம் என்னும் ஊரில் இக்கருவியைக் கேட்டு மலைத்துப்போனார். இரண்டு கருவிகளைப் பிரித்து, ஐம்பது சுருள் நாடாவுடன் சிறுசிறு பொட்டலங்களாக ஊருக்கு அனுப்பினார். 1946 மே மாதம் சான்பிரான்சிஸ்கோவில் பொறியியலார் கூட்டத்தில் இயக்கிக் காட்டினார். அடுத்த ஆண்டே பாடகர் பிங் கிராஸ்பியின் வானொலி நிகழ்ச்சி அந்தக் கருவிகளில் பதிவாகத் தொடங்கியது. 1948இல் ஆம்பெக்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் அமெரிக்கக் கருவியும் வந்துவிட்டது.

தொல்லையும் அங்கேயே தொடங்கிற்று. ஜெர்மன் கருவியின் வேகம் நொடிக்கு 77 செ.மீ.; அமெரிக்கர் வைத்துக்கொண்ட வேகம் 30 அங்குலம், அதாவது 76.2 செ.மீ. ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று வித்தியாசம். அத்துடன், நாடாவைப் படிக்கும் ‘ஹெட்’ என்னும் காந்தமுனைக்கு ஓர் இயல்பு உண்டு. காந்தம் எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவு மின்னழுத்தம் தரும். அதிர்வெண் இரட்டித்தால் மின்னழுத்தமும் இரட்டிக்கும். இதைச் சமன்செய்ய ஒரு மின்சுற்று வேண்டும். எவ்வளவு சமன்செய்வது என்பதை அவரவர் விருப்பத்திற்கு விட்டால் ஒருவர் நாடா மற்றவரிடம் ஒலிக்காது. 1953இல் அமெரிக்க ஒலிபரப்பாளர் சங்கம் ஒரு கணக்கை வகுத்தது. ஐரோப்பியர் வேறொரு கணக்கை வைத்துக்கொண்டார்கள். நொடிக்கு 15 அங்குல வேகத்தில் ஐரோப்பியக் கணக்குப்படி எழுதிய நாடாவை அமெரிக்கக் கணக்கில் படித்தால், உச்ச ஒலிகள் 3 டெசிபல் கூடுதலாகச் சீறும்; 50 ஹெர்ட்ஸ் அளவிலுள்ள கார்வை 3 டெசிபல் மெலிந்துபோகும். இரு கண்டங்களும் கடைசிவரை இதில் ஒத்துப்போகவில்லை. என்னைக் கேட்டால், இது விஞ்ஞானத்தின் குறையன்று. முந்திக்கொண்டவர்கள் விட்டுக்கொடுக்க மறுத்த கதை.

1957இல் கிட்டார் கலைஞர் லெஸ் பாலுக்காக ஆம்பெக்ஸ் நிறுவனம் எட்டுத் தடக் கருவி ஒன்றைச் செய்து கொடுத்தது. ஓர் அங்குல நாடாவில் எட்டு இணைகோடுகள். முதலில் பதிந்ததைக் கேட்டுக்கொண்டே மற்றொரு தடத்தில் அடுத்த வாத்தியத்தைச் சேர்க்கலாம். இதற்கு ஓர் உபாயம் வேண்டியிருந்தது. எழுதும் ஹெட்டும் படிக்கும் ஹெட்டும் சில சென்டிமீட்டர் தள்ளி இருப்பதால், படிக்கும் ஹெட்டில் கேட்டு வாசித்தால் புது ஒலி பிந்திப் பதியும். ஆகவே எழுதும் ஹெட்டையே பழைய தடங்களைப் படிக்கவும் பயன்படுத்தினார்கள். 1970களில் தடங்கள் இருபத்துநான்காயின. நாடா இரண்டு அங்குல அகலமாயிற்று. ஒரு தடத்துக்கு எட்டுத் திருகுகள் என்று வைத்தாலும் மொத்தம் 192 திருகுகள்!

அவற்றைச் சரிசெய்யும் பொறுப்பு உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பாடகர் வருமுன் ஒரு மணி நேரமாவது ஆகும். முதலில் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் நாடா செல்லும் பாதை முழுவதையும் துடைக்க வேண்டும். ஹெட்டுகளில் தங்கிய காந்தத்தை நீக்க வேண்டும். இல்லையேல் அடுத்து மாட்டப்போகும் விலைமதிப்புள்ள நாடாவின் உச்ச ஒலிகளை அது சிறிது சிறிதாக அழித்துவிடும்.

அந்த நாடாதான் ‘டெஸ்ட் டேப்’. தராசுக்குப் படிக்கல் எப்படியோ, கருவிக்கு அது அப்படி. எவ்வளவு காந்தப்பாயம், எந்த அதிர்வெண் என்று ஆய்வகத்தில் அளந்து எழுதப்பட்டது. ஆம்பெக்ஸ் வழக்கில் மட்டம் ஒரு மீட்டர் அகலத்திற்கு 185 நானோவெபர். ஜெர்மன் வழக்கில் 320. கலிபோர்னியாவில் 1972இல் ஏற்பட்ட மேக்னட்டிக் ரெஃபரன்ஸ் லேபரட்டரியின் நாடாக்களைப் பல நாட்டு ஒலிப்பதிவுக் கூடங்கள் நம்பின.

அதை ஓடவிட்டு முதலில் பார்க்க வேண்டியது ஹெட்டின் சாய்வு. ஹெட்டிலுள்ள மெல்லிய இடைவெளி, நாடா ஓடும் திசைக்கு மிகச் செங்குத்தாக நிற்க வேண்டும். இதை ‘அஜிமத்’ என்பார்கள். எவ்வளவு செங்குத்து? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நொடிக்கு 38 செ.மீ., அதாவது 15 அங்குல வேகத்தில், 15,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை நாடாவில் பிடிக்கும் நீளம் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. ஹெட் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு சாய்ந்தால், 50 மி.மீ. அகல நாடாவின் இரு ஓரங்களுக்கும் இடையே 0.0145 மி.மீ. முன்பின் ஏற்படும். அரை அலைநீளத்தைவிட இது அதிகம்! முதல் தடத்திலும் கடைசித் தடத்திலும் உள்ள ஒரே ஒலியைக் கூட்டினால் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சாய்வு செய்யும் வேலை இது.

அடுத்துப் படிக்கும் பெருக்கிகளின் அளவையும் உச்ச ஒலியையும் ஒவ்வொரு தடமாக முள் சரியாக நிற்கும்வரை திருக வேண்டும். கார்வை ஒலியை மட்டும் இப்போது தொடக்கூடாது. டெஸ்ட் டேப்பில் ஒலி நாடாவின் முழு அகலத்திற்கும் எழுதப்பட்டிருக்கிறது. நீண்ட அலைகளில் பக்கத்துப் பகுதியின் காந்தமும் கசிந்து வந்து அளவைக் கூட்டிக் காட்டும். அதை நம்பிக் குறைத்தால் அன்றைய பதிவு முழுவதும் மெலிந்த ஒலியாகிவிடும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் எளிதில் விழக்கூடிய குழி இது.

படிக்கும் பக்கம் முடிந்த பிறகே எழுதும் பக்கம். இந்த வரிசையில்தான் சூட்சுமமே இருக்கிறது. முறை மாறினால், எழுதுவதில் உள்ள குறையைப் படிப்பதில் ஈடுகட்டிவிட்டு, எல்லாம் நேராக இருப்பதாக நினைத்துக்கொள்வோம். கருவி தன் வீட்டில் நன்றாகப் பாடும். வெளியூரில் மானத்தை வாங்கும்.

அன்று பயன்படுத்தப்போகும் அதே வகைப் புது நாடாவை மாட்டி 10,000 ஹெர்ட்ஸ் ஒலியை எழுதியவாறே படித்துப் பாருங்கள். பயாஸைக் கூட்டக் கூட்ட முள் ஏறும். ஓர் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும். உச்சத்தில் நிறுத்தக்கூடாது. 15 அங்குல வேகத்தில் பல நாடாக்களுக்கு உச்சத்திலிருந்து ஏறத்தாழ 3 டெசிபல் இறங்கும்வரை போக வேண்டும். அங்கேதான் ஒலிச்சிதைவு குறைவு. அதற்கும் மேலே போனால் உச்ச ஒலி மங்கும். பின்னர் எழுதும் அளவு, உச்ச ஒலி, முன்பு தொடாமல் விட்ட கார்வை. இப்படி இருபத்துநான்கு முறை. பாடகரும் இசையமைப்பாளரும் உறையில் பெயர் பெறுவார்கள். திருப்புளியுடன் குனிந்து நின்றவர் பெயர் பெரும்பாலும் இராது.

வேலை முடிந்ததும் நாடாவின் தொடக்கத்தில் 1,000, 10,000, 100 ஹெர்ட்ஸ் ஒலிகளைச் சில விநாடிகள் பதிந்து வைப்பார்கள். பெட்டியின்மேல் வேகம், சமன்செய்த கணக்கு, மட்டம் ஆகியவற்றை எழுதுவார்கள். வேறு ஊரில், வேறு கருவியில் இதைப் படிப்பவர் அந்த ஒலிகளுக்குத் தம் கருவியை இசைத்துக்கொண்டால் போதும்.

இன்று ஒலிப்பதிவு கணிப்பொறிக்கு மாறிவிட்டது. பழைய நாடாக்களை எண்முறைக்கு மாற்றும் பணி நடைபெறுகிறது. 1970களிலும் 80களிலும் செய்த சில நாடாக்களின் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிட்டதால், 50 பாகை செல்சியஸுக்குச் சற்று மேற்பட்ட இளஞ்சூட்டில் பல மணி நேரம் வைத்து உலர்த்தி, பின்னரே ஓட்டுகிறார்கள். அப்படிக் காப்பாற்றிய நாடாவின் தொடக்கத்தில் அந்தச் சில விநாடி ஒலிகள் இருந்தால் வேலை கணக்காக நடக்கும். இல்லாவிட்டால், எழுதியவரின் ஹெட் எப்படிச் சாய்ந்திருந்தது, எந்தக் கணக்கைப் பின்பற்றினார் என்பதைக் காதால் ஊகிக்க வேண்டியதுதான்.

டேவிஸின் நாடாவுக்கு வேறு வகையில் நல்ல காலம் பிறந்தது. அந்த மார்ச் மாத நாளில், முன்னெச்சரிக்கையாக இரண்டாவது கருவி ஒன்றும் கூடவே பதிவு செய்துகொண்டிருந்தது. அது சரியான வேகத்தில் ஓடியது. 1992இல் மறுபதிப்புக்காக அந்த மாற்றுப் பிரதியை எடுத்து மூல நாடாவுடன் ஒப்பிட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. முப்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின் முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் அவர்கள் வாசித்த சுருதியிலேயே வெளிவந்தன.